பரந்தன் தச்சுப் பட்டறையில் செய்வித்த கெம்பஸ் நிலைகள்

எங்கள் வீட்டுக்குக் கெம்பஸ் என்ற இறக்குமதி மரத்தில் இரண்டு கதவு நிலைகளும் நான்கு யன்னல்களும் செய்வித்த பட்டறை, பரந்தன் சந்திக்கு அருகே, ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. மரம் வந்த வழியைக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டே அங்கு போனேன்.

அதற்கு முன் போன மரக்காலை ஒன்றில் முதிரைப் பலகை மலிவாகக் கிடைத்தது. அனுமதிப்பத்திரத்தைக் கேட்டபோது, "அது தேவையில்லை, இரவிலை இறக்கித் தருவம்" என்றார்கள்; திரும்பி வந்துவிட்டேன். 1990இலிருந்து இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் தறிப்பது தடைசெய்யப்பட்டுள்ள நாட்டில், இரவில் இறங்கும் முதிரையும் பாலையும் எங்கிருந்து வருகின்றன என்பதை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பரந்தனில் ஓடாவியார், தேக்கங்குற்றியின் முனையில் அடித்திருந்த இலக்கத்தையும் அதே இலக்கம் எழுதிய பத்திரத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். தேக்கின் விலை எனக்குக் கட்டுப்படியாகாததால் கெம்பஸைத் தெரிவுசெய்தேன். இளஞ்சிவப்பாக இருந்த பலகை சில வாரங்களில் செம்பழுப்பாகி, இடையிடையே மெல்லிய மஞ்சள் கோடுகள் தெளிந்து வந்தன. பாரமான, உறுதியான மரம். துளையிடாமல் ஆணி இறக்க முடியாது. ஆனால் கறையானுக்குத் தாங்காது என்பதை அவரே முதலில் சொல்லி, நிலத்தில் படும் பகுதிகளுக்கு இரண்டு தடவை மருந்து பூசித் தந்தார். மூட்டுகளில் தாள் நுழையவும் இடமில்லை. சொன்ன நாளுக்கு ஒரு கிழமை பிந்தியதைத் தவிர வேலையில் குறையில்லை.

என் குறை வேறு. கெம்பஸ், மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளின் தாழ்நில மழைக்காட்டிலும், மக்கிய இலைதழைகள் சேர்ந்து உண்டான கரிமண் சதுப்புக் காட்டிலும் வளர்வது. அச்சதுப்பை எண்ணெய்ப் பனைக்காக வடிகால் வெட்டி வற்றவைத்தால், காய்ந்த கரிமண் தீப்பிடித்து வாரக்கணக்கில் நிலத்தடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். அதே மரத்தைக் காடு அழியாமலும் எடுக்கலாம்: குறித்த பருமனுக்கு மேற்பட்ட மரங்களை மட்டும் தெரிந்து, விழும் மரம் அயல் மரங்களையும் இழுத்து வீழ்த்தாதபடி கொடிகளை முன்னரே அறுத்து, விழும் திசையைத் தீர்மானித்துத் தறித்து, பின்னர் அப்பகுதியைப் பல பத்தாண்டுகள் தொடாமல் விட வேண்டும். லொறிப் பாதையை மூடாமல் விட்டால் அதன் வழியே திருட்டு மரக்காரரும் காடு எரிப்போரும் நுழைவார்கள். மழைக்காடுகள் பலவற்றின் அழிவு அப்படித்தான் தொடங்குகிறது. இப்படிக் காட்டைப் பேணி எடுத்த மரத்துக்குச் சான்று தரும் மலேசியாவின் காட்டுச் சான்றிதழ் முறை 2009இல் பி.ஈ.எஃப்.சி. என்ற சர்வதேச அமைப்பின் ஏற்பைப் பெற்றது. ஆகவே சான்றுள்ள மரத்தைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. ஆனால் பட்டறையிலிருந்த பற்றுச்சீட்டில் 'மலேசியா' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. தேக்குக்கு இவ்வளவு கவனம் எடுப்பவர்கள், கடல் கடந்து வரும் மரத்துக்கும் அதே கவனத்தை எடுக்க வேண்டும்.

இதைச் சொன்னபோது ஓடாவியார் கோபிக்கவில்லை. கொழும்பு இறக்குமதியாளரிடம் சான்றிதழ்ப் பிரதி கேட்பதாகச் சொன்னார். தை மாதம் அலுமாரி செய்விக்க இருக்கிறேன். அதற்குள் பிரதி வராவிட்டால், காற்றில் சாய்ந்து கிடக்கும் எங்கள் வளவு வேம்பை அறுப்பித்து அவரிடமே கொடுப்பேன்.