கார் எஞ்சினுக்கு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கலாமா?

கோலாலம்பூர் ஜாலான் பசார் கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் "எஞ்சின் கோளாறு கண்டறியவும் டியூன் செய்யவும்" என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் அகச்சிவப்பு வெப்பமானிகளில் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்த விளம்பரத்தின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நம்பி யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

நான் வாங்கியது −50 முதல் 550 பாகை செல்சியஸ் வரை காட்டும், உமிழ்திறனை 0.10 முதல் 1.00 வரை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு சாதாரணக் கருவி. ஒரு பரப்பு எந்த அளவுக்கு வெப்பக் கதிரை வெளிவிடுகிறது என்பதைக் காட்டும் எண்ணே உமிழ்திறன். விலை நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. அதைவிட மலிவானவற்றில் உமிழ்திறன் 0.95 என்று நிலையாக வைக்கப்பட்டிருக்கும். கோவிட் பரவலையொட்டிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் வாங்கி வீட்டில் போட்டு வைத்திருக்கும் நெற்றிமானி இந்த வேலைக்கு ஆகாது. அது மனித உடலின் வெப்பத்தையொட்டிய சில பாகைகளை மட்டுமே காட்டும்.

பெட்டியின் மேல் 12:1 என்று அச்சிட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பன்னிரண்டு அங்குலத் தொலைவிலிருந்து பார்த்தால் ஓர் அங்குல அகலமுள்ள வட்டத்தின் சராசரி வெப்பத்தைக் கருவி காட்டுகிறது என்பதே அதன் பொருள். இரண்டடி தள்ளி நின்று மெல்லிய குழாயைக் குறி வைத்தால், குழாயோடு அதன் பின்னால் இருக்கும் எல்லாமும் கணக்கில் சேர்ந்துவிடும். சிவப்பு லேசர் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டுமே. அளவீட்டில் அதற்குப் பங்கில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் பளபளப்பு. மெருகேறிய அலுமினியத்தின் உமிழ்திறன் 0.1 அளவுக்கே இருப்பதால், 0.95இல் வைத்த கருவி கொதிக்கும் தெர்மோஸ்டாட்டின் (எஞ்சின் சூடேறியதும் திறந்து குளிர்விப்பு நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியைக் கூட வெதுவெதுப்பானது என்று காட்டும். அத்தகைய இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். டேப் உருகிவிடும் எக்ஸாஸ்ட் பகுதியில், வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்புச் சாயத்தைப் பொட்டாக வைக்கலாம். துருவேறிய வார்ப்பிரும்புக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. இந்த ஒரு வேலையில் பழைய கார்தான் புதியதை மிஞ்சுகிறது.

கருவி தன் விலையை ஈட்டிக் கொடுத்தது, குடும்பத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கார்புரேட்டர் வைத்த ப்ரோட்டான் இஸ்வரா காரில்தான். நின்ற நிலையில் எஞ்சின் உதறியது. இரவு முழுதும் ஆறிய எஞ்சினை முடுக்கி, ஓரிரு நிமிடங்களுக்குள், சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நான்கு கிளைகளையும் சிலிண்டர் தலைக்கு அருகே ஒரே தொலைவில் அளந்தபோது, மூன்று கிளைகள் நூறு பாகையைத் தாண்டியிருக்க, மூன்றாம் சிலிண்டரின் கிளை அறுபதுகளிலேயே நின்றது. எரியாத சிலிண்டர் எது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஏன் எரியவில்லை என்று வெப்பமானி சொல்லாது. ஸ்பார்க் பிளக், பிளக் கேபிள், வால்வு, அழுத்தக் குறைவு ஆகிய எல்லாமே ஒரே குளிர்ச்சியைத்தான் தரும். பக்கத்துச் சிலிண்டரோடு பிளக்கை மாற்றிப் போட்டோம்; குளிர்ச்சி இடம் மாறவில்லை. கேபிளை மாற்றியதும் அது கேபிளோடு சேர்ந்து நகர்ந்தது. செந்தூலில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு இப்படி அளந்து பயனில்லை, வார்ப்பிரும்பு வழியே வெப்பம் பரவி வேறுபாடு மங்கிவிடும் என்றார். பத்து இருபது பாகை வித்தியாசத்தைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை.

குளிர்விப்பு அமைப்பில் இதன் பயன் இன்னும் நேரடியானது. ரேடியேட்டரின் மேல் குழாய் கறுப்பு ரப்பர் ஆதலால் காட்டும் எண்ணை நம்பலாம். தெர்மோஸ்டாட்டின் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். எஞ்சின் அந்த வெப்பத்தை எட்டும் வரை குழாய் குளிர்ந்திருந்து, பிறகு சட்டென்று சூடேற வேண்டும். தொடக்கம் முதலே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்றும், எஞ்சின் கொதித்த பின்னும் குழாய் குளிர்ந்தே கிடந்தால் அது மூடியபடி சிக்கியிருக்கக்கூடும் என்றும் கொள்ளலாம். ரேடியேட்டரின் முகப்பை வரிசையாக அளந்து வரும்போது நடுவே ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால், அங்கே உள்ள குழல்கள் அடைபட்டிருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய கார்களில் இதைப் பார்க்கலாம். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் மட்டும் சூடேறி, வேகமாக ஓடும்போது அடங்கிவிடும் காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது விசிறியை.

கெந்திங் மலையிலிருந்து இறங்கியதும் இடது, வலது பிரேக் டிஸ்க்குகளை ஒப்பிட்டால், பிரேக் பட்டைகளை அழுத்தும் கேலிப்பர் இறுகி இழுக்கும் பக்கம் கூடுதல் சூட்டால் தெளிவாகத் தெரியும். குளிர்சாதனத்தைச் சோதிக்கும்போது, கருவி காற்றை அளப்பதில்லை, காற்று படும் பிளாஸ்டிக் தகட்டையே அளக்கிறது என்பது நினைவில் இருந்தால் போதும்.

டியூன் செய்யும் பேச்சுக்கு, அதாவது எக்ஸாஸ்ட் வெப்பத்தைப் பார்த்து எரிபொருள்-காற்றுக் கலவையைச் சரிசெய்யலாம் என்ற பேச்சுக்கு வருகிறேன். எரிந்து வெளியேறும் வாயுவின் வெப்பம் வேறு, குழாயின் வெளித்தோலின் வெப்பம் வேறு. பின்னது விசிறிக் காற்றுக்கும் துருவுக்கும் தகுந்தபடி மாறும். வாயுவையே அளந்தாலும் குழப்பம் தீராது. எரிபொருளும் காற்றும் மிச்சமின்றி எரிவதற்கேற்ற விகிதத்தை ஒட்டியிருக்கும்போது வெப்பம் உச்சத்தைத் தொட்டு, கலவை செறிந்தாலும் மெலிந்தாலும் இறங்குவதால், ஓர் எண்ணை மட்டும் வைத்து நாம் உச்சத்தின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, பற்றவைப்பைத் தாமதப்படுத்தினாலும் எக்ஸாஸ்ட் சூடேறும். இந்த வேலைக்குக் குழாயினுள் பொருத்தும் கே வகைத் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியும், கலவையின் விகிதத்தைக் காட்டும் அகலப்பட்டை ஆக்சிஜன் உணரியும் இருக்கின்றன. இரட்டைக் கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில் இரு பக்கமும் சமமாக இழுக்கின்றனவா என்று ஒப்பிடுவதற்கு மட்டும் இந்த வெப்பமானி ஓரளவு கைகொடுக்கும்.

கருவியின் கட்டமைப்பு சுமார்தான். மின்கல மூடி ஏற்கெனவே தளர்ந்துவிட்டது. நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் அளந்து பார்த்தபோது சுழியத்தை ஒட்டிக் காட்டியதால் எனக்கு அதில் குறையில்லை. குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து வந்தவுடன் அளக்காமல், கால் மணி நேரமாவது வெளிக்காற்றில் வைத்திருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகும் மின்விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதால் கையை அதன் அருகே கொண்டு போகக் கூடாது.

புதிய மைவி போன்ற கார் வைத்திருப்பவர்கள் இதே பணத்துக்கு முதலில், காரின் கணினி பதிவு செய்யும் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓர் ஓபிடி வாசிப்பானை வாங்கலாம். மேனிஃபோல்டு தகட்டுக்குள் மறைந்திருக்கும் எஞ்சினில் வெப்பமானி எட்டிப் பார்க்க இடமில்லை. எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்பதை பி0301 முதல் பி0304 வரையிலான குறியீடுகளே காட்டிவிடும்.