வீட்டில் ஹோம் நர்ஸா, ஓசூர் இல்லமா?

அம்மாவுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய். முதல் இரண்டு வருடம் பாலக்கோட்டில் வீட்டிலேயே ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்தோம். ஒன்றரை வருடமாக ஓசூர்ப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். செலவு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதை விட்டுவிடுவோம்.

இரவுக்கு இல்லம்தான். அம்மா இரண்டு மணிக்கு எழுந்து, "ஊருக்குப் போகணும்" என்று தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டுவார். பகலெல்லாம் பார்த்த ஒரே ஆள் ராத்திரியும் எப்படி விழித்திருப்பார்? மூன்றாம் மாதமே அந்தப் பெண், அம்மாவை அடக்க மாத்திரை கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தரும் மனநோய் மாத்திரைகள் டிமென்ஷியா வந்த முதியவர்களுக்கு மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்துவிட்டது. சில இல்லங்களிலும் இதே மாத்திரைதான் ஓடுகிறது. சேர்க்கும் முன், எத்தனை பேருக்குத் தருகிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை இழுத்தால் அடுத்த இல்லத்தைப் பாருங்கள்.

பகலுக்கு வீடு. பங்குனியில் புளி வந்து இறங்கினால் அம்மா தானாகப் போய் உட்காருவார். என் பெயர் மறந்த கை, ஓட்டை உடைத்து, நாரை ஒரே இழுப்பில் உருவி, கொட்டையைத் தனியாகத் தள்ளும். இல்லத்தில் அவருக்குக் கிடைத்தது டிவி.

மொழியில்தான் நான் ஏமாந்தேன். அம்மா பிறந்தது வேப்பனப்பள்ளிப் பக்கம், தாய்மொழி தெலுங்கு. இந்த நோயில் பின்னால் கற்ற மொழிதான் பலருக்கு முதலில் நழுவுகிறது. ஹோம் நர்ஸுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். "தண்ணி வேணுமா" என்றால் அம்மா முறைப்பார். பிடிவாதம் என்று நினைத்தோம். ஓசூர் இல்லத்து ஆயா தெலுங்கில் "அவ்வா" (பாட்டி) என்று கூப்பிட்ட முதல் நாளே திரும்பிப் பார்த்தார்.

அரசு உதவி? மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். நாள் முழுக்கக் கூட உட்கார ஆள் வராது.

சரி, அம்மா எங்கே நன்றாக இருக்கிறார்? வாழ்க்கைத் தரத்தை அளக்க 'க்யூஓஎல்-ஏடி' என்று 13 கேள்விப் படிவம் ஒன்று உண்டு, மொத்தம் 52 மதிப்பெண். நோயாளியும் பதில் சொல்லலாம், பார்த்துக்கொள்பவரும் சொல்லலாம். பார்த்துக்கொள்பவர் போடுவது பெரும்பாலும் குறைவாகவே வருகிறது. நான் போட்டதும் அப்படித்தான். கேட்டால் அம்மா "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். நான் போட்டதில் பாதி என் குற்ற உணர்ச்சி.

போன பங்குனியில் ஒரு பை புளி கொண்டு போனேன். கொட்டையை வாயில் போட்டுக்கொள்வார் என்று வார்டன் தயங்கினார். ஆயா பக்கத்திலேயே உட்காருவதாகச் சொன்ன பிறகுதான் பையை உள்ளே விட்டார்.