இராமநாதபுரக் கடற்கரையில் ரேடியேட்டருக்கு எது ஏற்றது: போர்த் தண்ணீரா, காவிரித் தண்ணீரா, கூலன்டா?

அன்றாடம் ஓட்டும் காரின் எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, அதன் குளிர்விப்பு நீர் பெரும்பாலும் 85 முதல் 105 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சூடேறிய நீரை ரேடியேட்டருக்குள் விடும் வால்வான தெர்மோஸ்டாட் 82 முதல் 90 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கும். காற்றோட்டம் போதாதபோது ரேடியேட்டர் விசிறி 95 முதல் 100 டிகிரிக்குள் சுழலத் தொடங்கி, சூடு சில டிகிரி இறங்கியதும் நின்றுவிடும். பாம்பன் சாலைப் பாலத்தில் கடலைப் பார்ப்பதற்காக வண்டிகள் தேங்கி நிற்கும் நேரத்தில் விசிறி அடிக்கடி இரைந்தால் அது கோளாறன்று. தன் வேலையைச் செய்கிறது என்றே கொள்ள வேண்டும். வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும், ரேடியேட்டருக்குள் ஓடும் நீர் காற்றைவிட 50 டிகிரிக்கும் மேல் சூடாக இருப்பதால், அடைப்பில்லாத ரேடியேட்டருக்கு அந்த வேறுபாடு தாராளமாகப் போதும். ஆகவே இந்தக் கடற்கரையில் எஞ்சினுக்கு எதிரி வெயில் அன்று, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பே.

வெப்பத்தைச் சுமக்கும் ஆற்றலை மட்டும் எடைபோட்டால் வெறும் தண்ணீரே வெல்லும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எத்திலீன் கிளைக்காலும் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் கலந்த கூலன்ட் அதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வெப்பத்தை ஏந்திச் செல்கிறது. கொதிநிலையிலும் தண்ணீர் அவ்வளவு பின்தங்கிவிடவில்லை; ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். அதே மூடியின் கீழ் சரிபாதிக் கலவையான கூலன்ட் 130 டிகிரியை நெருங்கும் வரை தாங்கும் என்பது உண்மை. ஆயினும் நலமாக உள்ள எஞ்சின் அவ்வளவு சூட்டை எட்டுவதே இல்லை. உறைநிலையைக் காட்டிக் கூலன்ட் விற்பவரிடம் இராமநாதபுரத்தில் எப்போது பனி உறைந்தது என்று கேட்கலாம். ஒப்பிட வேண்டியது, உள்ளே இருக்கும் அலுமினியத்துக்கு ஒவ்வொரு திரவமும் என்ன செய்கிறது என்பதைத்தான்.

போர்த் தண்ணீர் இரண்டு வழிகளில் கெடுக்கிறது. அதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் சூடு மிகுந்த இடங்களில், குறிப்பாக சிலிண்டர் தலையின் உட்பாதைகளில், வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொண்டு வெப்பம் வெளியேறாமல் தடுக்கின்றன. குளோரைடோ அலுமினியத்தின் மேலுள்ள இயற்கையான ஆக்சைடு படலத்தைத் துளைத்து, ஊசி குத்தியதுபோல் அரிக்கிறது. நெடுநாள் உப்புத் தண்ணீர் ஓடிய வண்டியில் தெர்மோஸ்டாட் மூடியிலிருந்து ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் இரண்டையும் ஒரே இடத்தில் காணலாம்: ஹோஸ் செருகியிருந்த அலுமினிய வாயைச் சுற்றி நகத்தால் பெயர்க்க வராத வெண்காறையும், கிளிப் இறுக்கிய வளையத்துக்கு நேர்கீழே சிறு சிறு குழிகளும் தெரியும். அந்தக் குழிகள் வழியாகக் கசியும் நீரை ஹோஸின் குற்றமென எண்ணி, ஹோஸை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

இதற்கு மாற்றாகக் காவிரிக் கூட்டுக் குடிநீரை ஊற்றுவோர் உண்டு. போர்த் தண்ணீரைவிட அது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் குடிக்க உகந்தது எஞ்சினுக்கும் உகந்தது என்ற முடிவுக்கு அதை வைத்து வந்துவிடக் கூடாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. கனரக டீசல் எஞ்சின் தயாரிப்பாளர் தரப்பில் கூலன்டுடன் கலக்கும் தண்ணீருக்குச் சொல்லப்படும் உச்ச வரம்போ 40 மில்லிகிராம். தங்கச்சிமடத்தில் கடலுக்குள்ளேயே இருக்கும் வில்லூண்டித் தீர்த்தத்தைச் சுட்டி, நம் பக்கத்திலும் இனிப்பான தண்ணீர் உண்டே என்று வாதிடுவோருக்கும் இதுவே விடை: நாக்கு உப்பை உணரும் முன்பே அலுமினியம் அதை உணர்ந்துவிடுகிறது.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைத் தனியாக நிரப்பினால் படிவு வராது, குளோரைடும் இராது. ஆனால் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் அதில் இல்லாததால், வார்ப்பிரும்புப் பகுதிகள் துருப்பிடித்து, சில மாதங்களில் ரேடியேட்டரோடு இணைந்த கூலன்ட் பாட்டிலுக்குள் தேநீர் நிறம் தெரியும். எனவே போட்டி உண்மையில் இரண்டு கூலன்ட் வகைகளுக்கிடையேதான்: அப்படியே ஊற்றும் ரெடிமிக்ஸ், தண்ணீர் கலந்து ஊற்றும் கான்சென்ட்ரேட்.

லிட்டருக்கு லிட்டர் விலையைப் பார்த்து இதைத் தீர்மானிப்பது தவறு என்பது என் கருத்து. அளவு குறைந்த பாட்டிலை நிரப்ப ரெடிமிக்ஸே சிறந்தது. கலக்க வேண்டியதில்லை, குழாய்த் தண்ணீரைத் தொடும் சபலமும் எழாது. முழுவதுமாகக் கழுவி மாற்றும்போது நிலைமை தலைகீழ். சிறிய காரின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 4 முதல் 6 லிட்டர் என்றால், ரேடியேட்டரின் வடிகுழாயைத் திறந்துவிட்டாலும் எஞ்சின் பிளாக்குக்குள் கணிசமான பங்கு வெளிவராமல் தங்கிவிடும். கழுவிய டிஸ்டில்டு வாட்டர் அங்கே நிற்க, அதன் மேல் ரெடிமிக்ஸை ஊற்றினால், ஏற்கெனவே நீர்த்த கலவை மேலும் நீர்த்துப்போகும். கான்சென்ட்ரேட்டை எடுத்தால், மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பலாம். உள்ளே தங்கிய தண்ணீரும் கணக்கில் சேர்ந்து விகிதம் சரியாக அமையும். நம்மூருக்குச் சரிபாதி கட்டாயமில்லை என்றாலும், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால் அரிப்புத் தடுப்பு வலுவிழக்கும்.

நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயமே. வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைப் பார்த்து வாங்கி, வேறு வகையுடன் கலக்காமல் இருந்தால் போதும். வடித்த பழைய கூலன்டைத் தெருவில் கொட்டுவது மட்டும் கூடாது, அது இனிப்பாக இருக்கும் நஞ்சு. ஆடும் நாயும் நக்கிவிடும்.

வெப்பம் மிகுந்த ஊர் என்பதால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சில பட்டறைகளில் இன்றும் சொல்கிறார்கள். அதைக் கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டை எட்டுவதற்குத் தாமதமாகும். அதுவரை கட்டுப்பாட்டுக் கணினி கூடுதல் எரிபொருளைச் செலுத்தும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகி வெளியேறாது. திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும் வகை தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின்களிலோ, அது இல்லாதபோது நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குள் போகாமலே சுற்றி வந்து, சூடு குறைவதற்குப் பதிலாக ஏறவும் கூடும். பழுதான தெர்மோஸ்டாட்டுக்கு மாற்று இன்னொரு தெர்மோஸ்டாட் தவிர வேறில்லை.

தனுஷ்கோடியிலிருந்து திரும்பும் வழியில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் இந்த ஒப்பீட்டையெல்லாம் ஒதுக்கிவைக்க வேண்டும். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுமையாகத் திருப்பி, ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிட்ட பிறகே மூடியில் கை வைக்கலாம். முன்னதாகத் திறந்தால் அழுத்தம் விடுபட்டு, கொதிநீர் முகத்தில் அடிக்கும். கையில் கூலன்ட் இல்லையென்றால் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரையே, கடல்நீரைத் தவிர வேறு எந்தத் தண்ணீரையும், தயங்காமல் ஊற்றி மெதுவாக ஊர் வந்து சேரலாம். அந்த வாரத்துக்குள் அதை முற்றிலும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் இருமுறை கழுவி, கான்சென்ட்ரேட்டில் நிரப்பிவிட வேண்டும்.