36 வோல்ட் ஈஸி-கோ டி.எக்ஸ்.டி: காசை முதலில் கேபிளில் போடுங்கள்

ஈஸி-கோ டி.எக்ஸ்.டி மாதிரி பேட்டரியில் ஓடும் கோல்ஃப் வண்டிக்கு ‘பவர் செட்’ என்று விற்பதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று சாமான்தான்: தடித்த கேபிள், சொலினாய்டோடு (பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே) ஒரு 400 ஆம்பியர் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), புது மோட்டார். பெரும்பாலானவர்கள் மோட்டாரில்தான் ஆரம்பிக்கிறார்கள். வரிசையே தலைகீழ்.

வாங்குமுன் வண்டி எந்த வகை என்று பாருங்கள். முன்-பின் மாற்ற இருக்கைக்குக் கீழே பெரிய லீவர் இருந்து, அதன் சுவிட்சுக்குத் தடித்த கேபிள்கள் போனால் அது சீரிஸ் வண்டி, அதாவது மோட்டாரின் ஃபீல்டு (நிலையான சுருள்) வழியாகவும் சுழலும் பாகத்தின் வழியாகவும் ஒரே மின்சாரம் ஓடும் வகை. சின்ன சுவிட்சும், தனியாக ரன்-டோ சுவிட்சும் (ஓட்டுவதற்கும் கட்டி இழுப்பதற்கும் மாற்றுவது) இருந்தால் ஃபீல்டுக்குத் தனி மின்சாரம் போகும் வகை. ஒன்றின் கன்ட்ரோலரோ மோட்டாரோ மற்றொன்றுக்கு ஒத்துவராது. இங்கே பேசுவது சீரிஸ் வண்டியைப் பற்றி மட்டும்.

கம்பெனி கேபிள் 6 கேஜ், அதாவது சுமார் 13 ஸ்கொயர் எம்.எம். செட்டில் வருவது 2 கேஜ் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன்). நம் ஊர்க் கடைகளில் 35 ஸ்கொயர் எம்.எம். வெல்டிங் கேபிள் என்று கேட்டால் கிட்டத்தட்ட அதுவே. மொத்தச் சுற்று 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 ஆம்பியரில் பழைய கேபிள் 1.3 வோல்ட்டைத் தின்னும், புதியது 0.5 வோல்ட். மிச்சம் 0.8 வோல்ட்தான். சமதரையில் இது தெரியவே தெரியாது. ஆனால் 400 ஆம்பியரில் பழைய கேபிளில் மட்டும் ஆயிரம் வாட்டுக்கு மேல் சூடாகவே போய்விடும். அதனால்தான் பெரிய கன்ட்ரோலர் மாட்டுமுன் கேபிளை மாற்றியே ஆக வேண்டும்.

உண்மையில் பல வண்டிகளில் இழுவை கூடுவதற்குக் காரணம் கேபிளின் தடிமன் அல்ல. பச்சை பூத்த பழைய லக்குகள் (கேபிள் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையங்கள்) ஒழிந்ததுதான். மல்டிமீட்டரை 2 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மற்றதை லக்கிலும் பிடியுங்கள். மேட்டில் ஏறும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு சரியில்லை. 200 ஆம்பியரில் அந்த ஒரே இடத்தில் 20 வாட் சூடு.

மலிவான செட்டுகளில் செம்பு பூசிய அலுமினியம் வரும். 2 கேஜ் என்று அச்சடித்திருந்தாலும் அது 4 கேஜ் செம்பின் வேலையைத்தான் செய்யும். கையில் தூக்கினாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். ஓர் இழையைச் சுரண்டி, உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். லக்கைச் சுத்தியலால் நசுக்காமல் அறுகோண டையில் கிரிம்ப் செய்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட வேண்டும். லக் நேராக ஈயத்தின்மேல் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே. இடையில் இரும்பு வாஷரைச் செருகுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, அந்த இடமே அடுப்பாகிவிடும்.

கன்ட்ரோலருக்கு ஆல்ட்ராக்ஸ் எஸ்.ஆர். 48400 நல்ல தேர்வு. 36, 48 வோல்ட் இரண்டிலும் ஓடும், லேப்டாப்பை யு.எஸ்.பி.யில் இணைத்து த்ராட்டில் வேகம், ஆம்பியர் வரம்பு எல்லாவற்றையும் மாற்றலாம். செலவுக்கு ஏற்ற பலன் இதில்தான் கிடைக்கிறது. கூடவே கனமான சொலினாய்டு கட்டாயம். அதன் பெரிய முனைகளுக்கு இடையே ப்ரீ-சார்ஜ் ரெசிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே டையோடு. டையோடின் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கட்டும். ரெசிஸ்டரை மறந்தால் கன்ட்ரோலரின் கெபாசிட்டர் ஒரே மூச்சில் சார்ஜாகி, சொலினாய்டின் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்தக் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஒரு பல்பு வழியாக வடித்துவிட்டுத் தொடுங்கள். 400 ஆம்பியர் ஃப்யூஸ் பல செட்டுகளில் இருப்பதில்லை, தனியாக வாங்க வேண்டும். கம்பெனி முன்-பின் சுவிட்சும் இந்த மின்சாரத்தை வெகுநாள் தாங்காது.

இனி மோட்டார். ஹை-ஸ்பீட் மோட்டாரைப் பழைய கன்ட்ரோலரோடு மாட்டினால் மேட்டில் வண்டி முன்பைவிடத் திணறும், ஆம்பியர் கிடைக்காது. 22 இஞ்ச் டயர் போட்டவர்களுக்கு ஹை-டார்க் (சுழற்று விசை கூடிய) மோட்டார் பொருந்தும். 18 இஞ்சிலிருந்து மாறும்போதே சக்கரச் சுற்றளவு 22 சதவீதம் கூடி, இழுவை சுமார் 18 சதவீதம் குறைந்திருக்கும். கூடுதல் வேகமும் வேண்டாம், பெரிய டயரும் இல்லை என்பவர்கள் கார்பன் பிரஷ்ஷையும் அது உரசும் கம்யூட்டேட்டரையும் சரிபார்த்துவிட்டுப் பழைய மோட்டாரையே ஓட்டலாம்.

மாட்டும்போது மோட்டார் முனையின் அடி நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முறுக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்டட் சுழன்று உள்ளிருக்கும் இணைப்பு அறுந்துவிடும். முன்னால் போட்டு வண்டி பின்னால் நகர்ந்தால் மோட்டாரின் எஸ்1, எஸ்2 (ஃபீல்டு முனைகள்) கேபிள்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றினால் போதும். ஜாக்கியில் தூக்கி வைத்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதீர்கள். சுமையில்லாத சீரிஸ் மோட்டார் வேகம் ஏறிக்கொண்டே போய்ச் சிதறும்.

வேகம் மட்டும்தான் வேண்டுமென்றால் மோட்டாருக்குக் கொடுக்கும் காசில் 48 வோல்ட்டுக்குப் போவது மேல். ஆறு 6 வோல்ட் டி-105 பேட்டரிகளில் 8,100 வாட்-மணி. அதே இடத்தில் ஆறு 8 வோல்ட் டி-875 வைத்தால் 8,160. தூரம் ஏறக்குறைய அதேதான், வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். சொலினாய்டு காயில், சார்ஜர், மீட்டர், விளக்குக்கான 12 வோல்ட் கன்வெர்ட்டர் எல்லாம் மாற வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பிரேக்கைப் பற்றி எந்த செட்டின் பெட்டியிலும் ஒரு வரிகூட இருக்காது. இந்த வண்டிக்குப் பின்சக்கரங்களில் மட்டும்தான் டிரம் பிரேக், அதுவும் மணிக்கு 20 கிலோமீட்டர் சொச்சத்துக்கு அமைத்தது. அமெரிக்காவில் 1998 விதிப்படி மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் அது கோல்ஃப் வண்டியே அல்ல. சீட் பெல்ட், ஹெட்லைட் எல்லாம் வேண்டும். கன்ட்ரோலரை செட் செய்யும் அன்றே பிரேக் ஷூவையும் கேபிளையும் மாற்றிவிடுங்கள்.