ஆறு மாதக் கல்லீரல் ஸ்கேன்: எவ்வளவு நம்பலாம்?

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து அதிகமானவர்களுக்கான கண்காணிப்பு இது: 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி (கல்லீரல் கட்டி இருந்தால் உயரக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை. வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஸ்கேனுக்கு முன் 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும்.

இந்த வைரஸ் தன் டிஎன்ஏவைக் கல்லீரல் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். அதோடு வருடக்கணக்கான அழற்சியும் தழும்பும் சேர, செல்கள் செத்துச் செத்துப் பெருகும்போது பிழைகள் குவிகின்றன. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) வராமலேயே புற்று வரலாம் என்பதுதான் இதன் பொல்லாத குணம். எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல்தானே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவது வீண் துணிச்சல். வைரஸை அடக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் ஆபத்தைக் குறைக்கும், அறவே நீக்காது.

குறை இல்லாமல் இல்லை. உடல் பருமன், கொழுப்புக் கல்லீரல், முடிச்சு விழுந்த கல்லீரல் என்றால் சிறு கட்டி கண்ணில் படாமல் நழுவும். ஏஎஃப்பியை மட்டும் நம்பவே கூடாது: பல சிறு கட்டிகள் அதை உயர்த்துவதில்லை, அழற்சி தீவிரமானாலோ கர்ப்பத்திலோ கட்டி இல்லாமலும் உயரும்.

1 செ.மீ.க்குக் குறைவான புள்ளி தெரிந்தால் பொதுவாக 3 மாதம் முதல் 6 மாதத்துக்குள் மறு ஸ்கேன். 1 செ.மீ. தொட்டாலோ, ஏஎஃப்பி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினாலோ, சாயமருந்து செலுத்தி எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ. பழைய படங்களைக் கேட்டு வாங்கி ஒப்பிடாத ஸ்கேன் மையத்துக்குப் பாதி மதிப்பெண்தான்.