ஓடிபி வந்துச்சா அக்கா? கவுன்டரில் எட்டு வருஷ அனுபவம்

காலடிப்பேட்டை மெட்ரோவிலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். சான்றிதழ், ஸ்காலர்ஷிப், கரண்ட் பில், பிஎஃப் என்று எது வந்தாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். ஆறு இலக்க எண்ணைக் கேட்கும் அந்தத் திரை. எட்டு வருஷமாக தினமும் நான் பார்க்கும் பொருள் அதுதான் என்பதால், அதற்கு ஒரு பயன்பாட்டு அனுபவம் எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் என் பெரிய குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திரையை வரைகிறவர்கள் ஃபோனும் கீபோர்டும் ஒரே ஆள் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வரைகிறார்கள். என் கடையில் கீபோர்டு என்னிடம், ஃபோன் கவுன்டருக்கு அந்தப் பக்கம். பல நேரம் ஃபோன் கடையிலேயே இருக்காது. வீட்டில் சார்ஜில் இருக்கும், மணலியில் வேலைக்குப் போன மகன் பையில் இருக்கும், இல்லையென்றால் கடலில் இருக்கும்.

கடலில் என்று சும்மா சொல்லவில்லை. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் எல்லாம் கிளம்பிப் போயிருந்த ஒரு ஜூன் மூன்றாம் வாரம், காசிமேட்டிலிருந்து ஓர் அக்கா மகளோடு வந்தார். மகள் காலேஜ் சேர ஒரு சான்றிதழ் வேண்டும். எல்லாம் நிரப்பி பொத்தானை அழுத்தினேன். "ஓடிபி வெற்றிகரமாக அனுப்பப்பட்டது" என்று பச்சையில் வந்தது. யாருக்கு அனுப்பினார்கள், எந்த நம்பருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த அக்கா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இன்னும் வர்லியே தம்பி." மறுபடி அனுப்பினேன். வரவில்லை. ஃபோனை அணைத்துப் போட்டார். வாசலில் போய் நின்று பார்த்தார். மூன்றாவது தடவை அனுப்பியதும், முயற்சிகள் அதிகமாகிவிட்டன, நாளைக்கு வாருங்கள் என்று தளம் பூட்டிக்கொண்டது. மறுநாள் மகள்தான் கண்டுபிடித்தாள். பதிவில் இருந்தது அப்பாவின் நம்பர். அவர் படகில் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. ஓடிபி எல்லாம் அவருடைய ஃபோனுக்குத்தான் போயிருக்கிறது, கரையோர சிக்னலைத் தாண்டி.

திரையில் கடைசி நான்கு எண் மட்டும் காட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். முழு நம்பரையும் காட்டக்கூடாது, அது சரி. யார் வேண்டுமானாலும் ஒரு பதிவு எண்ணைப் போட்டு அடுத்தவர் நம்பரை எடுத்துவிடலாம். ஆனால் நான்கு எண்ணைப் பார்த்தாலே சொந்தக்காரருக்குத் தன் நம்பர் தெரிந்துவிடும், வேற்றாளுக்கு அதனால் பெரிதாகப் பிரயோசனம் இல்லை.

அடுத்தது அந்தக் கடிகாரம். பெட்டிக்குக் கீழே சிவப்பில் 00:29, 00:28 என்று ஓடும். அது என்ன என்று எழுதியிருக்காது. வயசானவர்கள் அதைப் பார்த்ததும் பதறுகிறார்கள், கண்ணாடியைத் தேடுகிறார்கள், எண்ணை மாற்றிப் படிக்கிறார்கள். பார்த்தால் அது மறுபடி அனுப்பச் சொல்வதற்குக் காத்திருக்க வேண்டிய நேரம். எண் செல்லுபடியாகும் நேரம் வேறு, பல இடங்களில் அது 10 நிமிஷம் வரைக்கும் இருக்கிறது. இரண்டு கெடுவில் ஒன்றை மட்டும், அதுவும் பெயர் போடாமல் காட்டினால் மனுஷன் தப்பாகத்தான் புரிந்துகொள்வான்.

ஆறு தனித்தனிக் கட்டங்கள் பார்க்க அழகு. யார் ஆரம்பித்து வைத்தார்களோ. நம் ஆட்கள் எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்ல மாட்டார்கள். "நாப்பத்தியேழு, டபுள் செவன், பத்தொன்பது" என்பார்கள். கூடவே "இல்ல இல்ல, எட்டு" என்று நடுவில் திருத்துவார்கள். கட்டம் கட்டமாகப் பின்னால் போய் அதைச் சரிசெய்வது தலைவலி. ஒரே பெட்டி போதும். ஃபோனில் தானாக நிரம்புவதற்கும் ஒரே பெட்டிதான் வசதி. 2018-இல் ஐஓஎஸ் 12 வந்ததிலிருந்து ஐஃபோனில் எஸ்எம்எஸ் எண் கீபோர்டுக்கு மேலேயே வந்து நிற்கிறது, ஒரு தட்டு தட்டினால் போதும். கட்டங்களைச் சரியாகக் கட்டாத தளங்களில் முதல் எண் மட்டும் விழுந்து மீதி காணாமல் போகிறது. இன்னும் சிலர் பேஸ்ட் பண்ணவே விடுவதில்லை. உள்நுழையும்போது ஆளை நினைவில் வைக்கவோ பார்த்து எழுதவோ கட்டாயப்படுத்தக்கூடாது, வேறு வழி தர வேண்டும் என்று 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 விதிகளிலேயே இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளங்களைக் கட்டுவதற்கான விதிகள் அவை. பேஸ்ட் பண்ண விடுவது அந்த வழிகளில் ஒன்று.

பூஜ்யக் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு தளத்தில் சில பேருக்கு மட்டும் தப்பு தப்பு என்றே வந்துகொண்டிருந்தது. ராசி என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் 048213 என்று போட்டு வெளியே வந்தபோது பெட்டியில் 48213 மட்டும் நின்றது. பெட்டியை எண்ணாகக் கட்டியிருக்கிறார்கள், எண்ணுக்கு முன்னால் இருக்கும் பூஜ்யத்துக்கு மதிப்பு இல்லை, தின்றுவிட்டது. எழுத்துப் பெட்டியாக வைத்து எண் கீபோர்டு மட்டும் வரும்படி செய்வதுதான் முறை. பத்தில் ஓர் ஓடிபி பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். அதாவது பத்தில் ஒருவர் காரணம் தெரியாமல் திரும்பிப் போயிருக்கிறார்.

வராத எஸ்எம்எஸ்ஸை விட மோசம், எல்லாம் சேர்ந்து வருவது. மூன்று தடவை அனுப்பச் சொன்னால் மூன்றும் ஒரே நேரத்தில், முன்பின்னாக வந்து விழும். கடைசியாகக் கேட்டதுதான் செல்லும், ஆனால் அது எது? சில வங்கித் தளங்கள் திரையிலும் எஸ்எம்எஸ்ஸிலும் ஒரே குறிப்பு எண்ணைக் காட்டுகின்றன. நல்ல யோசனை, ஆனால் அது எதற்கு என்று சொல்லாததால் யாரும் பார்ப்பதில்லை. இதைப் பற்றிப் புலம்பும்போது சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் அக்கா மகன் ஒன்று சொன்னான். எஸ்எம்எஸ் ஓடிபிக்கெல்லாம் முன்னால் எஸ்/கீ என்று ஒரு முறை இருந்ததாம், 1995-இல் ஆர்எஃப்சி 1760 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆட்கள் கடவுச்சொல் பட்டியலைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்வார்கள், ஒவ்வொன்றும் ஆறு குட்டி ஆங்கில வார்த்தை. லாகின் கேட்கும் வரியிலேயே 98, 97 என்று வரிசை எண் வரும். அந்த எண்ணுக்கு நேராக இருப்பதைப் போட வேண்டும். கறுப்புத் திரையில் ஒற்றை வரி, ஆனால் எதைப் போடுவது என்று சொல்லிவிட்டது. இத்தனை வண்ணத்தோடு நாம் அதைத் தொலைத்துவிட்டோம்.

எஸ்எம்எஸ் இல்லாமல் ஃபோனிலேயே எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் பற்றிச் சுருக்கமாக: எனக்குப் பிடிக்கும். ரகசியக் குறியீடும் நேரமும் வைத்து ஃபோனே கணக்குப் போடுகிறது, சிக்னல் வேண்டாம், 30 நொடிக்கு ஒரு புது எண். ஃபோன் கடிகாரம் தப்பாக இருந்தால் எண்ணும் தப்பு, அவ்வளவுதான். ஆனால் "சரிபார்ப்பு எண்ணை இடவும்" என்று மட்டும் போட்டால் ஆப்பில் பார்ப்பதா எஸ்எம்எஸ்ஸில் பார்ப்பதா?

எல்லாவற்றையும் விட எனக்குச் சங்கடமானது ஒரு கேள்வி. "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கே தம்பி, உன்கிட்ட சொல்லலாமா?" கேட்பவர் செய்வதுதான் சரி. முன்பெல்லாம் "பரவாயில்லம்மா, நம்ம கடைதானே" என்பேன். இப்போது சொல்வதில்லை. அப்படிப் பழக்கிவிட்டால் நாளைக்கு ஃபோனில் எவனாவது கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதனால் ரிச்சி தெருவில் எண்கள் மட்டும் இருக்கும் சின்ன யுஎஸ்பி கீபேட் ஒன்று வாங்கி, கவுன்டருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். மானிட்டரையும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். எண்ணை அவர்களே அழுத்திக்கொள்கிறார்கள். அதற்கு முன் எஸ்எம்எஸ் எதற்கு வந்தது என்று படிக்கச் சொல்வேன். அனுப்பியவர் பெயரின் கடைசியில் பார்க்கவும் பழக்குகிறேன்: 2025 முதல் அரசுச் செய்தி என்றால் ஜி, விளம்பரம் என்றால் பி என்ற எழுத்து ஒட்டி வருகிறது. சில எஸ்எம்எஸ்ஸில் "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்து எண் கடைசியில் இருக்கும், திறந்தால்தான் தெரியும். எண்ணும் காரியமும் முதல் வரியில் வர வேண்டும்.

அக்கா மகன் காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரிக்குப் படகுக்காரர்கள் ஐஸ் பதிவு செய்ய ஒரு தளம் செய்தான். உள்நுழையும் திரையை என்னிடம் காட்டினான், வழக்கமான ஆறு கட்டம். நான் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "4417 என்று முடியும் ஃபோனுக்கு 6 இலக்க எண் அனுப்பியிருக்கிறோம். உள்ளே நுழைய அதைப் போடுங்கள். 10 நிமிடம் வரை செல்லும். அந்த ஃபோன் கையில் இல்லையா? இங்கே தட்டுங்கள்." ரொம்ப நீளம் மாமா என்றான். போட்டுப் பார், பிறகு வெட்டலாம் என்றேன். தப்பான எண், நேரம் முடிந்த எண் இரண்டுக்கும் வேறு வேறு வரி வைக்கச் சொன்னேன், வைத்தான்.

ஆறு மாசம் ஓடிவிட்டது, அந்த வாசகம் இன்னும் அப்படியே இருக்கிறது. எந்த நம்பருக்கு வந்தது என்று கேட்டு இப்போது ஃபோன் வருவதில்லை என்கிறார் அங்கே கணக்குப் பார்ப்பவர். புதுப் புகார் ஒன்று மட்டும் இருக்கிறதாம். "கையில் இல்லையா" என்பதைத் தட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஃபோன் சட்டைப் பையில் சைலன்ட்டில் கிடக்கிறது.