மாமாவின் மஞ்சள் கேன்

விமானம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைத்தது. கும்பகோணத்தில் மாமாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்ன அன்று மாலையே எடுத்தும் கொடுத்துவிட்டார்கள். லண்டனில் அதற்கு எத்தனை வாரம் காத்திருப்பேன் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டதோடு சரி, இவற்றைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. நான் எழுத வந்தது ஐந்து லிட்டர் பிடிக்கும் ஒரு மஞ்சள் கேனைப் பற்றி.

மாமாவுக்கு 64 வயது. கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது பிடித்துக்கொண்ட முதுகு என்று எட்டு மாதமாக வீட்டில் பேச்சு. தைலம், ஒத்தடம், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. நான் போய் இறங்கியபோது திண்ணையிலிருந்து எழுந்திருக்க இரண்டு கைகளையும் நீட்டினார். விடியற்காலையில் மகாமகக் குளத்தை மூன்று சுற்று சுற்றி வந்த மனிதர் அவர்.

பீரோவில் ஆறு மாதத்துக்கு முந்தைய முழு உடல் பரிசோதனை அறிக்கை இருந்தது. சர்க்கரையும் கொழுப்பும் சரியாக இருந்ததால் யாரும் அதற்கு மேல் படிக்கவில்லை. ஹீமோகுளோபின் 8.9, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. உடலுக்குள் ஏதோ கோளாறு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். 118, மிக அதிகம். மொத்தப் புரதம் 10.4, அதில் ஆல்புமின் 3.1. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 7.3. அந்த மீதிப் புரதம்தான் க்ளோபுலின், அது இவ்வளவு ரத்தத்தில் ஏன் இருக்கிறது என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். கழித்தல் கணக்குத்தானே! ஆனால் லண்டனை உயர்த்திப் பிடிக்கவும் எனக்கு வாய் வரவில்லை. அங்கேயும் மாமாவுக்கு வந்த இந்த நோய் முதுகுவலி வேஷத்தில் மாதக்கணக்காக ஏமாற்றுவது வழக்கம்தான்.

தஞ்சாவூரில் பார்த்த ரத்தநோய் மருத்துவர் பொறுமைசாலி. மாமாவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் மட்டும் சொல்வாரோ என்று பயந்தேன். அவரோ மாமாவையே பார்த்துப் பேசினார். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்களின் வேலை, விதவிதமான கிருமிகளுக்கு விதவிதமான எதிர்ப்புப் புரதங்களைச் செய்வது. அவற்றில் ஒரு வம்சம் மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகி, யாருக்கும் உதவாத ஒரே புரதத்தைச் செய்துகொண்டே இருந்தால் அது மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். இடம் பிடித்துக்கொள்வதால் சிவப்பணு குறைகிறது. எலும்பை அரிப்பதால் முதுகெலும்பு நொறுங்குகிறது, கால்சியம் ரத்தத்தில் கலக்கிறது. அந்தப் புரதத்தின் சிறு துண்டுகள் சிறுநீரகக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. அதன்மேல் வலி மாத்திரையும் விழுங்கினால் சிறுநீரகம் என்ன ஆகும்? டைக்ளோஃபெனாக் அன்றே நின்றது.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். “போர் போடுகிறார்கள் மாப்பிள்ளை, தண்ணீர் வருகிறதா பார்” என்றார் மாமா, குப்புறப் படுத்தபடியே. மீதி ஒரே ஒரு பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீர். அதை ஊரிலேயே கொடுக்கலாம் என்றார்கள். அங்கேதான் கேன் வந்தது.

காலை ஆறு மணிக்கு முதலில் வருவதைக் கீழே விட்டுவிட வேண்டும். அதன்பின் மறுநாள் காலை ஆறு மணிக்கு வருவது வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர வேண்டும். குளிர்ச்சியாக வைக்க வேண்டும். லண்டனில் இதைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். “பாலும் இட்லி மாவும் இருக்கிற இடத்திலா?” என்று மாமி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கிணற்றடி நிழலில் பக்கெட், பக்கெட்டில் ஐஸ் கட்டி, மேலே நனைத்த சாக்கு. மூன்று மணி நேரத்துக்கொரு முறை ஐஸ் வாங்கி வந்தவன் நான். இரவு இரண்டு மணிக்கு மாமா தூக்கக் கலக்கத்தில் வழக்கமான இடத்துக்குப் போகப் பார்த்தார். ஓடிப்போய் மறித்தேன்.

மறுநாள் கேனை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “நெய்யா சார்?” என்றார். லேப் திறந்தது ஒன்பதரைக்கு. டோக்கன், பணம், ரசீது, பிறகு அந்த ரசீதுக்கு ஒரு முத்திரை. கடைசியில் ஒரு பையன் கேனைத் திறந்தான், சிறிய புட்டியில் கொஞ்சம் ஊற்றினான், நான் வாயைத் திறப்பதற்குள் மீதி முழுவதையும் தொட்டியில் கவிழ்த்தான்.

“எவ்வளவு இருந்தது என்று அளந்தீர்களா?”

“ஒன்றரை லிட்டர் என்று போட்டுக்கொள்ளலாம் சார்.”

போட்டுக்கொள்ளலாமாம்! ஒரு லிட்டரில் எவ்வளவு புரதம் என்பதை மொத்த அளவால் பெருக்கினால்தான் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் வெளியேறுகிறது என்று தெரியும். அளவு ஊகமென்றால் விடையும் ஊகம். பிறகு எதற்கு 24 மணி நேரம், எதற்கு ஐஸ், எதற்கு இரவு இரண்டு மணிக் காவல்? நான் கத்தினேன். பத்தொன்பது வருடம் வெளிநாட்டில் இருந்தவன் கத்துகிற தொனி எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. வரிசையில் நின்ற ஓர் அம்மாள், “தண்ணீர் குடித்தால் திரும்ப வரப்போகிறது தம்பி” என்று சமாதானம் சொன்னார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். பழைய டெக்னீஷியன். பையனை ஒரு பார்வை பார்த்தார், என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நாளை வேறு கேனில் கொண்டு வாருங்கள் என்றார். மருத்துவர் சீட்டைப் படித்ததும் அவர் முகம் மாறியது. புட்டியில் இருந்ததில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்தார். “நிறம் மாறும் சோதனைப் பட்டையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது ஆல்புமினைத்தான் பிடிக்கும்.” துளி அசிட்டிக் அமிலம் விட்டு, குழாயை வெந்நீரில் நிறுத்தி, தெர்மாமீட்டரோடு அடுப்பை ஏற்றினார். ஐம்பதைத் தாண்டியதும் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியது. கொதிநிலையை நெருங்கியதும் கண்ணாடியாகத் தெளிந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டார், மறுபடியும் கலங்கியது.

“பென்ஸ் ஜோன்ஸ் புரதம்” என்றார். மருத்துவர் சொன்ன அந்தச் சிறு துண்டுகளின் பெயர்தான் அது. “இப்போது யாரும் செய்வதில்லை. சிலருக்கு இதில் தெரியவும் தெரியாது. மின்சாரத்தால் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோபோரெசிஸ்தான் கணக்கு. அதற்கு மாதிரி சென்னைக்குத்தான் போகும்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. 1845-இல் முதுகும் மார்பும் வலித்த 45 வயது லண்டன் வியாபாரி ஒருவரின் சிறுநீரை மருத்துவர்கள் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸுக்கு அனுப்பி, சூடாக்கினால் தெளிந்து ஆறினால் உறைகிற இது என்ன என்று கேட்டார்கள். அவர் பணிபுரிந்த செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் பழைய கட்டடம் ஹைட் பார்க் முனையில் இன்று ஆடம்பர ஹோட்டல். வேலைக்குப் போகும் பஸ் தினமும் அதைக் கடக்கும். ஒரு நாளும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.

இரண்டாவது கேனைப் பெரியவரே அளவுசாடியில் ஊற்றினார், என்னையும் அருகில் நிறுத்திக்கொண்டு. 2,340 மில்லி. அந்தப் பையன் சொன்ன ஒன்றரை எங்கே, இது எங்கே?

மஜ்ஜையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ அந்தக் கட்டுக்கடங்காத பிளாஸ்மா செல்கள் இருந்தாலே கணக்கில் வரும், மாமாவுக்கு 40. இப்போது வாரம் ஒரு போர்டெசோமிப் ஊசி வயிற்றுத் தோலில், லெனலிடோமைடு மாத்திரை, கூடவே ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின். மாத்திரை இந்தியத் தயாரிப்பு, இங்கேயே கிடைக்கிறது. ஸ்டெம் செல் மாற்று பற்றிச் சில மாதம் கழித்துப் பேசலாம் என்றார் மருத்துவர். பத்து விரலிலும் எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்று போனில் சொன்னார் மாமா. ஊசியின் வேலை அது, அடுத்த முறை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்றேன்.

மஞ்சள் கேன் கழுவிக் கவிழ்த்தபடி கொல்லையில் கிடக்கிறதாம். மாமி அதைத் தொடுவதும் இல்லை, தூக்கி எறிய விடுவதும் இல்லை. மருந்து கேட்கிறதா என்று பார்க்க மறுபடியும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.